லெவலை ஏற்றச் சொன்ன பல் வைத்தியர்

என் மனைவி ரயில் ஓட்டத் தொடங்கியது பணி ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்கு முன்னால் அவள் ரயிலில் உட்கார்ந்து மட்டுமே போயிருக்கிறாள், அதுவும் இடம் கிடைத்த நாட்களில்.

தங்க வயலிலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. பெங்களூரில் ஓர் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் வேலை. சுரங்கத்தை மூடிய பிறகு பாதி ஊர் அந்த வண்டியில் ஏறியது. அவள் அதற்கும் முன்பே ஏறியவள் என்பதால் ஜன்னலோரத்தில் அவளுக்கு ஒரு பாத்தியதை இருந்தது. பங்காருபேட்டை தாண்டி வண்டி ஒழுங்காகத்தான் போகும். பெங்களூருக்குள் நுழைவதற்குச் சற்று முன் அவுட்டர் சிக்னலில் நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று கேட்பதை எல்லோரும் எப்போதோ விட்டிருந்தார்கள். அந்த நிறுத்தத்தில் அவள் அவரைக்காய் ஆய்ந்திருக்கிறாள், எங்கள் மகனுக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள், பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துத் தேறியிருக்கிறாள். டிரைவரைத் திட்டியும் இருக்கிறாள். "என்கிட்ட குடுத்தா நான் நேரத்துக்குக் கொண்டாந்து நிறுத்துவேன்" என்று இருபது பெண்களுக்கு முன்னால் சொன்னதாக அவளே சொல்லியிருக்கிறாள்.

கொடுத்துவிட்டார்கள். மகன் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் ஓர் அகலமான கணினித் திரை வாங்கினான். பிறகு பெங்களூரில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோனபோது அதை எங்களிடம் விட்டுவிட்டான். அங்கே சுவர் போதவில்லை. சாதாரணத் திரையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது போல இருக்கும். எங்கள் எதிர்வீட்டுக்காரர் முதன்முதலில் பார்த்தபோது, "இன்னா சார், லாரி முன்கண்ணாடிய கழட்டிகினு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவர் சுரங்கத்தில் ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியின் வாயிலில் நின்று, கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, மணி அடித்துக் கீழே அனுப்பியவர். எது அகலம், எத்தனை பேர் அடங்குவார்கள் என்பதில் அவருக்கு ஒரு கண் உண்டு.

அந்தத் திரையில் என் மனைவி ரயில் விளையாட்டு ஆடத் தொடங்கினாள். ரயில் ஓட்டும் விளையாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் ஊர்ப் பாதையை அப்படியே வரைந்து வைத்திருந்தார்: ஸ்டேஷன்கள், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடு, எல்லாம். அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி மாவு புளித்துப் பொங்கி வழியும்வரை அரைத்தபடியே கிடக்கும்.

விஷயம் இதுதான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தபடி ஒரே நேரத்தில் எங்கள் பாதையை ஓட்டப் போகிறார்கள். ஒருவர் கார்டு, ஒருவர் சிக்னல்காரர், ஒருவர் சரக்கு வண்டி. காலை வண்டிக்கு மட்டும் டிரைவர் இல்லை. அந்த இருக்கை வேண்டுமென்றால் தேர்வு உண்டு: வண்டியை முழுப் பாதையும் ஓட்டி, அதைத் திரையிலிருந்தே படமாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். என் மனைவி தேறாவிட்டால் அந்த வண்டி சூரத்தைச் சேர்ந்த ஒருவருக்குப் போய்விடும்.

"என் வண்டிய சூரத்துக்காரன் ஓட்டறதா?" என்றாள் அவள். "அவனுக்கு மாலூர் எங்க கீதுன்னு தெரியுமா?"

சங்கத்தின் சார்பில் தேர்வு நடத்தியவர் கோயம்புத்தூரில் ஒரு பல் வைத்தியர். அவள் அனுப்பிய முதல் பதிவைப் பார்த்துவிட்டு, நோயாளிகளுக்கு நடுவே போன் செய்தார்.

"மேடம், ஓட்டினதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும். ஆனா இடது பக்கம் ஸ்பீடாமீட்டரும் தெரியலீங்க, வலது பக்கம் கடிகாரமும் தெரியலீங்க. ரெண்டு ஓரத்தையும் யாரோ வெட்டி எடுத்துட்டாங்க."

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு கோளாறு வீட்டுக்குள் வந்திருக்கும்போது, ஆயுள் முழுவதும் நடைமுறை விதிகள் எழுதிய ஒருவன் தினத்தாளைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. சுரங்கத்தின் பாதுகாப்புப் பிரிவில் அதுதான் என் வேலை. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டு, கேஜில் ஏறுவது எப்படி, இறங்குவது எப்படி, ஏறாமல் ஓரமாக நிற்பது எப்படி என்று எழுதினேன். அவை நான்கு மொழிகளில் அச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டன. நான்கு மொழிக்காரர்களும் அவற்றின்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவினார்கள்.

முதல் விதி: பழுது பார்க்கும் இயந்திரத்தின் மின் இணைப்பில் அட்டை தொங்கவிட வேண்டும். சிவப்பு மையில் 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று எழுதிக் கணினியின் சுவிட்சில் மாட்டினேன். இரண்டாம் விதி: சுவிட்சருகே ஒரு பொறுப்பான ஆள் இருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரை அழைத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"நான் இன்னா சார் பண்ணணும்?"

"யாரும் சுவிட்சைத் தொடாமப் பாத்துக்கணும்."

"வீட்டுல நம்ம மூணு பேருதான கீறோம்?"

"அதனாலதான் பார்த்துக்கணும்."

கணினியை இயக்காமல் பழுது பார்க்க முடியாது என்பதும், அட்டையை எடுக்காமல் இயக்க முடியாது என்பதும் பிறகு தெரிந்தது. அட்டையைக் கழற்றியவர் கையெழுத்திட வேண்டும் என்ற விதியை அன்றைக்கு மட்டும் தளர்த்தினேன்.

ஓரம் வெட்டுப்பட்ட காரணத்தை நான் கண்டுபிடித்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பதிவு செய்யும் மென்பொருள், உலகத்தில் எல்லாத் திரையும் டிவிப் பெட்டி அகலம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது. நடுவில் அடங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டது. எனவே முழுப் படத்தையும் சட்டத்துக்குள் இழுத்து அடக்கினேன். இரண்டாவது பதிவில் ஸ்பீடாமீட்டரும் கடிகாரமும் வந்துவிட்டன. ஆனால் எல்லாம் ஒடுங்கி நெட்டையாகிவிட்டன. ஊர்காம் ஸ்டேஷனில் நின்ற பயணிகள் ஊதுவத்திகள் போல இருந்தார்கள்.

"இன்னாங்க இது? எல்லாரும் டயட்ல கீறாங்க" என்றாள் மனைவி.

பல் வைத்தியரிடமிருந்து செய்தி வந்தது. ஸ்பீடாமீட்டர் வட்டமாக இல்லாமல் முட்டையாக இருப்பதால் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று சொல்ல முடியவில்லையாம்.

மூன்றாவது முறை, திரையின் உண்மையான அளவையே, மூவாயிரத்து நானூற்று நாற்பதுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது புள்ளிகள், இரண்டு இடத்திலும் எழுதினேன்: படம் பிடிக்கும் இடத்தில் ஒன்று, வெளியே போகும் இடத்தில் ஒன்று. இப்போது வடிவம் சரி. ஓரங்கள் சரி. ஆனால் வண்டி நகர ஆரம்பித்ததும் படம் கரைந்தது. தண்டவாளத்து ஜல்லி ரவை உப்புமாவாகிவிட்டது. வேப்பமரங்கள் பச்சைச் சட்டினி. சிக்னல் கம்பத்தின் உச்சியில் ஏதோ ஒரு நிறம் இருந்தது. அது சிவப்பா பச்சையா என்பது பார்ப்பவரின் நம்பிக்கையைப் பொறுத்தது.

அன்று பல் வைத்தியர் நீண்ட நேரம் பேசினார். போனை ஒலிபெருக்கியில் வைத்தோம். பின்னால் பல்லைத் துளைக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"மேடம், அளவெல்லாம் சரியா வெச்சுட்டீங்க. இனி ரெண்டே வேலைதானுங்க. லெவல்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை ஏத்திருங்க. அப்புறம் குவாலிட்டின்னு ஒரு நம்பர் இருக்கும், அதைக் குறைச்சிருங்க. வாயை மூடாதீங்க, தெறந்தே வைங்க. உங்களை இல்லீங்க மேடம், இங்க ஒருத்தரு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. லெவல் என்ற கட்டத்தில் நான்கு என்றிருந்தது.

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் லெவல் என்பது மண்ணுக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டிய சுரங்கத் தளம். ஷாஃப்டின் உச்சிக்குப் பக்கத்தில் ஒன்றாம் லெவல். எண் கூடக்கூட ஆழம் கூடும், சூடு கூடும். லெவலை ஏற்று என்று ஒருவர் சொன்னால், இங்கே பிறந்த யாரும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு கணமும் யோசிக்க மாட்டார்கள்.

நான் நான்கை மூன்றாக்கினேன்.

"கரெக்டு சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து. "ஏத்தறதுன்னா ஒண்ணு பக்கம்தான்."

குவாலிட்டி எண்ணில்தான் எனக்குச் சந்தேகம். இருபத்தெட்டு என்றிருந்தது. தரம் போதவில்லை என்றால் தரத்தைக் குறை என்று சொல்கிற மனிதரிடம் யார் பல்லைக் காட்டுகிறார்கள் என்று வியந்தேன். அவர் வாய் தவறிச் சொல்லியிருப்பார், பக்கத்தில் ஒரு வாய் வேறு திறந்திருந்தது. எண்ணை நாற்பதாக உயர்த்தினேன்.

வந்த படத்தில் உப்புமா கஞ்சியாகியிருந்தது. அளவும் சிறுத்திருந்தது. சிறு துண்டை மாதிரிக்கு அனுப்பினோம். பதில் வந்தது: 'இன்னும் லெவலை ஏத்துங்க மேடம்.'

இரண்டாக்கினேன். படம் சிகரெட் அட்டை அளவுக்கு வந்தது. 'இன்னும் நல்லா ஏத்துங்க, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது' என்று பதில். நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் என்று நினைக்கிறேன். ஒன்றாக்கினேன். அகலத் திரையின் நடுவே, சுற்றிலும் இருட்டாக, ஒரு தபால்தலை அசைந்துகொண்டிருந்தது.

"இதுக்கு மேல ஏத்த முடியாது சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஒண்ணுக்கு மேல பேங்க். வெளியில வந்துடுவோம்." பேங்க் என்று அவர் சொன்னது ஷாஃப்டின் வாயை. அவர் வேலை பார்த்த இடம் அதுதான், எனவே அந்த எல்லையை அவர் மரியாதையோடு பேசினார்.

பல் வைத்தியர் எழுதினார்: 'மேடம், ரயிலைக் காணோமுங்க.'

ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. மென்பொருளில்தான் கோளாறு, அதை அழித்துவிட்டு முறைப்படி முதலிலிருந்து தொடங்கலாம் என்று நான் அட்டையைக் கையில் எடுத்தேன். என் மனைவி அதுவரை பொறுமையாகத்தான் இருந்தாள். வேகமானியையும் சிக்னலையும் மட்டுமே பார்த்துப் பழகியதால் நாங்கள் இருவரும் செய்வதை அவள் பெரிதாகக் கவனிக்கவில்லை. இப்போது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் ஆஃபீசுல அஞ்சாவது மாடியில வேலை பாத்தேன். லிஃப்டுல ஏறி மேல போனேனா, கீழ போனேனா?"

"மேல" என்றேன்.

"தரைத்தளத்துல இருந்து அஞ்சுக்குப் போனா ஏர்றதா, எறங்கறதா?"

எதிர்வீட்டுக்காரர் எனக்காகச் சொன்னார்: "அக்கா, அது பெங்களூரு. அங்க எல்லாம் தலைகீழ்தான்."

"இந்த சாஃப்ட்வேர எழுதினவன் மாடியில உக்காந்து எழுதினானா, குழிக்குள்ள உக்காந்து எழுதினானா?"

ஊர் முழுக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒன்றாம் லெவல் மேலே என்று வாழ்ந்திருக்கிறது. அதற்கு வெளியே, மாடிகளில் வசிக்கும் ஓர் உலகம் ஒன்றைக் கீழே வைத்திருக்கிறது என்பது, எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

"அப்போ குவாலிட்டி?" என்றேன், மிச்சமிருந்த கௌரவத்துக்காக.

அவள் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கேள்விக்குறியை அழுத்தினாள். நான் அழுத்தவில்லை, விதிகளை எழுதுகிறவர்கள் பிறர் எழுதிய விதிகளைப் படிப்பதில்லை. அந்த எண் தரத்தின் அளவு இல்லையாம். படத்தில் எவ்வளவை வீசி எறியலாம் என்பதன் அளவாம். லெவல் என்பது எவ்வளவு பெரிய படம் அடங்கும் என்பதன் வரம்பு. அடங்காவிட்டால் மென்பொருள் தானாகவே சுருக்கிவிடும். நான் அறையை ஒவ்வொரு முறையும் சின்னதாக்கி, சாமானை ஒவ்வொரு முறையும் அதிகமாக வீசியிருக்கிறேன்.

"மேலன்னா கீழ போறீங்க, கீழன்னா மேல போறீங்க" என்றாள். "உங்களை நம்பி எத்தனை பேரு கேஜுல எறங்கினாங்க?"

"யாரும் நம்பலக்கா" என்றார் எதிர்வீட்டுக்காரர். "நாங்க மணியத்தான் நம்பினோம்."

லெவலை ஐந்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தாள். குவாலிட்டியைப் பதினெட்டுக்கு இறக்கினாள். படம் வந்தது. ஜல்லியில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக இருந்தது. மண்மேட்டின் மடிப்புகள், வேப்பிலையின் நுனி, டிரைவர் அறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசி வரை தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்து திரைக்கருகே குனிந்து, ஸ்டேஷன் மேடையில் நின்ற ஒரு பொம்மைப் பயணியைப் பார்த்து, "இவரு நம்ம ராபர்ட்சன்பேட்டை டைலர் மாரியே கீறாரு" என்றார்.

அவள் முழுப் பாதையையும் ஓட்டினாள். ஒரு குலுங்கல் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மேடைக்கு நேராக நிறுத்தினாள். அட்டவணைப்படி பெங்களூர் போய்ச் சேர்ந்தாள். அனுப்பினோம். நான் அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, இனி தினத்தாள் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

போன் வந்தது.

"மேடம், படம் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. இவ்வளவு தெளிவா யாருமே அனுப்பினதில்லை. ஆனா ஒண்ணு கேக்கணும். அவுட்டர் சிக்னல்ல நின்னீங்களே, எதுக்குங்க?"

"எதுக்குன்னா?" என்றாள் மனைவி. "அங்க நிக்கும்."

"சிக்னல் பச்சைங்க."

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னாடி அனுப்பினதுலயும் நின்னுருக்கறீங்க. அதுல நிறமே தெரியாததுனால சிவப்புன்னு நினைச்சுட்டேன். இப்ப பளிச்சுன்னு பச்சை. ஏழு நிமிசம் பச்சையில நின்னுருக்கறீங்க. பின்னாடி ஒரு சரக்கு வண்டி வந்து ஹார்ன் அடிக்குதுங்க."

நாங்கள் பதிவைப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான். குண்டுமணி அளவுப் பச்சை, கம்பத்தின் உச்சியில், நாங்கள் திருத்திய தரத்தில், ஒரு பிசிறும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே என் மனைவி பிரேக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஓட்டும்போது அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாகப் போயிருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க தபால்தலையாவே உட்டிருந்தா பாசு."

பல் வைத்தியர் நல்லவர். சனிக்கிழமை மாலைக்குள் இன்னொரு முறை ஓட்டி அனுப்பினால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். நிற்காமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

அது அவ்வளவு எளிதாக இல்லை. சனிக்கிழமை காலை அவள் இரண்டு முறை ஓட்டினாள், இரண்டு முறையும் அவுட்டர் நெருங்கியதும் கை பிரேக்குக்குப் போனது. கையைக் கட்டிப்போடலாமா என்று நான் கேட்டேன். பதிலாக ஒரு முறைப்பு கிடைத்தது. திரையின் அந்த இடத்தில் 'நிற்காதே' என்று அட்டை ஒட்டலாம் என்றேன். "அட்டைய எடுத்துகினு வந்தீங்கன்னா பாருங்க" என்றாள்.

மூன்றாவது ஓட்டத்தில் எதிர்வீட்டுக்காரர் ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் காபி குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும். வண்டி வளைவில் திரும்பியது. பச்சை தெரிந்தது. அவள் கை எழுந்தது. அவர் டம்ளரில் டங், டங், டங் என்று தட்டினார். கேஜில் ஆள் ஏறியாயிற்று, புறப்படலாம் என்று அவர் வாழ்நாளெல்லாம் அடித்த மணி. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்த ஒலிக்குப் பிறகு நிற்பது இயலாது. அவள் கை அப்படியே மடியில் விழுந்தது. வண்டி பச்சையைக் கடந்தது.

அந்த சிக்னலை நிற்காமல் கடக்கும் வண்டியிலிருந்து அதன் பின்னால் இருப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி. "இவ்ளோதானா?" என்றாள்.

பெங்களூருக்குச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள். மேடை முழுக்கக் காலி. என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒருமுறைகூட அந்த மேடையில் அவள் ஓடாமல் இருந்ததில்லை.

தேறிவிட்டாள். பல் வைத்தியர் வாழ்த்தோடு ஒரு சந்தேகமும் எழுதியிருந்தார்: அவுட்டர் பக்கத்தில் ஏதோ டங் டங் என்று சத்தம் வருகிறதே, சக்கரத்தில் கோளாறா? சுரங்கத்து நடைமுறை என்று பதில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் குளித்து முடித்துத் திரை முன்னால் உட்கார்ந்தோம். காலை வண்டி எங்கள் ஊரிலிருந்து நேரத்துக்குப் புறப்பட்டது. பங்காருபேட்டையில் நேரத்துக்கு நின்றது, மாலூரில் நேரத்துக்கு நின்றது. அவள் முகத்தில் இருந்த பெருமையை வர்ணிக்கப் போவதில்லை. வளைவு வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஸ்பூனை ஓங்கினார்.

சிக்னல் சிவப்பு.

இந்த முறை உண்மையான சிவப்பு. எல்லோரும் பேசிக்கொள்ளும் செய்திப் பட்டியில் பார்த்தோம். காலை வண்டி கிடைக்காததால் சூரத்துக்காரர் சிக்னல் அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று பல் வைத்தியர் அவரைக் கேட்டார். இந்தப் பாதையில் இங்கே நிறுத்துவதுதான் வழக்கமென்று, சங்கத்தில் போட்டிருந்த அந்த அம்மாவின் முந்தைய பதிவுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக அவர் எழுதினார்.

நான் ஒரு புகார் வரைவு செய்யலாமா என்று கேட்பதற்குள் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போயிருந்தாள். முறத்தோடு திரும்பி வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு, சிக்னலைப் பார்த்தபடி அவரைக்காய் ஆயத் தொடங்கினாள்.